நீர்க்கோட்டிற்குக் கீழே

தமிழ்ச் சங்க மலர்களைப் புரட்டினால் கடலைப் பற்றிய கட்டுரை ஒன்றேனும் இல்லாமல் இராது. பூம்புகார்த் துறையும், இராசேந்திர சோழனின் கடற்படையும், 1906-ஆம் ஆண்டில் வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் தோற்றுவித்த சுதேசிக் கப்பல் கம்பெனியும் அவற்றுள் தவறாமல் இடம்பெறும். அவற்றைப் படிக்கும்போது எங்கள் நெஞ்சும் நிமிர்வதுண்டு. ஆயினும் எங்கள் தொழில் எங்களுக்குள் எழுப்பும் வினா ஒன்று உண்டு. அந்தக் கலங்களின் அடிப்பலகையைச் சுரண்டியவர் யார்? பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் கலப்பற்றுச் செய்தவர் யார்? புறப்படும் நாளுக்கு முன்னிரவில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, ‘இது கடலுக்குத் தாங்கும்’ என்றோ ‘தாங்காது’ என்றோ சொன்னவர் யார்?

நாங்கள் ஐவர். தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய ஊர்களிலிருந்து வெவ்வேறு ஆண்டுகளில் மும்பைக்கு வந்து, தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் குடியமர்ந்தவர்கள். யாட் என்று வழங்கும் உல்லாசப் படகுகளைப் பராமரிப்பதும் பழுதுபார்ப்பதும் எங்கள் பிழைப்பு. எங்களுள் ஒருவர் டீசல் எஞ்சினும், ஒருவர் மின்கம்பியும் பேட்டரியும், இருவர் பைபர் வேலையும் பார்க்கிறோம். மூத்தவர் தச்சர். பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற தோணிகளைப் பழுதுபார்த்த குடும்பத்தில் பிறந்த அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். இக்கட்டுரையில் ‘நாங்கள்’ என்பது இந்த ஐவரையே குறிக்கும்.

கேட்வே ஆப் இந்தியா 1924-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் எதிரே, காலனி ஆட்சிக் காலத்தில் 1846-இல் தோன்றிய ராயல் பாம்பே யாட் கிளப் இருக்கிறது. முன்னால் விரியும் நீர்ப்பரப்பில் வெண்ணிறப் படகுகள் மிதவைகளில் கட்டுண்டு ஆடுகின்றன. ஊரிலிருந்து வரும் உறவினரை அங்கே அழைத்துச் சென்றால் அவர்கள் படகுகளின் வெண்மையைக் கண்டு வியப்பர். இரட்டை உடல் கொண்ட படகைக் காட்டி, “இதன் பெயர் கட்டமரான், நம் கட்டுமரம் என்ற சொல்லிலிருந்து பிறந்தது” என்று நாங்கள் பெருமையோடு சொல்வோம். கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த நம் கட்டுமரத்திற்கும் கோடிக்கணக்கில் விலை போகும் இந்தப் படகிற்கும் பெயர் ஒன்றுதான். இரண்டிலும் உப்புநீர் செய்யும் வேலையும் ஒன்றுதான்.

அந்த வேலை ஓயாது. மும்பைத் துறைமுகத்தில் பெருவோதக் காலங்களில் நீர்மட்டம் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அந்த ஓட்டம் சேற்றைக் கலக்கிவிடும். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சும் பம்பினுள் இம்பெல்லர் என்னும் இரப்பர்ச் சக்கரம் ஒன்று சுழல்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அச்சக்கரத்தின் இதழ்களைச் சேறு தேய்த்துவிடும். ஓர் இதழ் முறிந்தால் அத்துண்டு குழாயை அடைக்கும், நீரோட்டம் குறையும், எஞ்சின் கொதிக்கும். ஆகவே முறிந்த இம்பெல்லரை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. காணாமற்போன துண்டுகளை எண்ணித் தேடியெடுக்க வேண்டும். ஆறு இதழ்களில் ஐந்தே கையில் இருந்தால், ஆறாவது கிடைக்கும்வரை வேலை முடிந்ததாக நாங்கள் கொள்வதில்லை.

தென்மேற்குப் பருவமழை சூன் மாதத்தில் மும்பையை அடைகிறது. அதற்கு முன்னரே சிறு பாய்மரப் படகுகளைக் கரையேற்றிவிடுவர். கோலி மீனவர்கள் நாரளி பூர்ணிமையன்று கடலுக்குத் தேங்காய் படைத்து மீன்பிடிக்கப் புறப்படுவர். உல்லாசப் படகுகளோ மழை முற்றும் ஓய்ந்த பின்னரே இறங்கும். நான்கு மாதம் படகு கரையில் இருக்கிறதே, பழுதுபார்க்க எவ்வளவு வசதி என்று எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. கண்ணாடி இழைப் படகின் மேற்பூச்சினுள் காலப்போக்கில் நீர் கசிந்து கொப்புளங்கள் எழும். அவற்றைக் கீறினால் காடி நெடியுடன் நீர் வடியும். கீறி, கழுவி, வாரக்கணக்கில் உலரவிட்ட பிறகே எபாக்சிப் பிசின் பூச வேண்டும். ஈரத்தின்மேல் பூசினால் பார்வைக்குப் பளபளக்கும்; அடுத்த ஆண்டே உரியும். படகு கரையில் இருக்கும் நான்கு மாதமும் காற்றே நீராக இருக்கும் மாதங்கள். தார்ப்பாய்க் கூரை கட்டி, விளக்குகளை ஏற்றி, வெயில் காணும் நாளை எதிர்நோக்கிக் காத்திருப்போம். அந்நேரத்தில், “எப்போது முடியும்?” என்று தொலைபேசி ஒலிக்கும். “மழை நின்ற பின்” என்னும் விடையை விரும்பிக் கேட்பவர் எவருமில்லை.

இத்தொழிலில் வியப்புக்குரிய பாடம் ஒன்றை உலோகங்கள் கற்பிக்கின்றன. உப்புநீரில் இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டிருந்தால் அவற்றிடையே மின்னோட்டம் பிறந்து, வலிமை குறைந்தது கரையத் தொடங்கும். எனவே புரொப்பெல்லர் ஷாப்ட்டில் ஒரு துத்தநாகக் கட்டியைப் பூட்டுகிறோம். அது தான் கரைந்து வெண்கலத்தைக் காக்கும். பாதி கரைந்ததும் அதை மாற்றிவிட வேண்டும். அதன்மேல் வண்ணம் பூசலாகாது. பூசினால் அது கரையாது, காக்கவும் காக்காது. 1824-இல் ஆங்கில அறிவியலாளர் ஹம்ப்ரி டேவி இவ்வழியைப் போர்க்கப்பல்களில் கையாண்டார். அக்கப்பல்களின் அடிப்பாகத்தில் செப்புத் தகடு வேய்ந்திருந்தனர். துத்தநாகத்தையும் இரும்பையும் இணைத்ததும் செம்பு அரிக்கப்படுவது நின்றது. ஆனால் கொட்டலசும் பாசியும் முன்னிலும் அதிகமாக ஒட்டிக்கொண்டன. சிறிது சிறிதாகக் கரைந்த செம்பின் நஞ்சே அதுவரை அவற்றை அண்டவிடாமல் தடுத்திருந்தது என்பது அதன் பின்னரே விளங்கிற்று. இன்றும் படகின் அடியில் பூசும் வண்ணத்தில் செம்பு கலந்திருக்கிறது. மெல்லக் கரைவதே அதன் பணி. ஒரு காலத்தில் வெள்ளீயச் சேர்மம் கலந்த வண்ணம் இதைவிடச் சிறப்பாக வேலை செய்தது. ஆனால் அது சிப்பிகளைச் சிதைப்பதைக் கண்டு பிரான்சு நாடு 1982-இல் சிறு படகுகளுக்கு அதைத் தடுத்தது. 2008-இல் பன்னாட்டுத் தடையும் நடைமுறைக்கு வந்தது. பழைய வண்ணத்தைச் சுரண்டும்போது, நீர் தெளித்து, மூக்கை மூடிக்கொண்டு சுரண்டுகிறோம். சிப்பிக்கு ஆகாதது மனித நுரையீரலுக்கும் ஆகாதன்றோ?

இவை கைப்பழக்கத்தாலும் நூலறிவாலும் கற்கக்கூடியவை. கற்க அரியது வேறொன்று. அதை விளக்க ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு இரு வாரம் இருக்கையில், மாண்ட்வாவுக்கு விருந்தினரோடு செல்லவிருந்த படகு ஒன்றை இறுதியாகப் பார்வையிட்டோம். எஞ்சின் ஓடியது, பாய்கள் ஒழுங்காயிருந்தன, மேற்றளம் கண்ணாடிபோல் மின்னிற்று. படகின் அடியில், கடல்நீரை உள்ளே விடும் துளையில், சீகாக் என்னும் அடைப்புக்குழாய் ஒன்று உண்டு. கைப்பிடி அளவே இருக்கும். அண்ணாச்சி அதைச் சிறு சுத்தியால் தட்டிப் பார்த்தார். கணீரென்று ஒலிக்க வேண்டியது மட்டமாக ஒலித்தது. கத்திமுனையால் சுரண்டினார். பித்தளையின் மஞ்சள் நிறம் இல்லை. செங்கல் பொடியைப்போன்ற சிவப்புத் தெரிந்தது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. நாட்பட்ட உப்புநீர் துத்தநாகத்தைத் தின்றுவிட்டால் வடிவம் மாறாமல் இருக்கும். வலிமை மட்டும் போய்விடும். கடலுக்குக் கன்மெட்டலால் ஆனதைப் போட்டிருக்க வேண்டும். முன்னர் எவரோ விலை மலிவென்று சாதாரணப் பித்தளையைப் பொருத்தியிருந்தனர்.

உரிமையாளர் கேட்டார், நாங்கள் சொன்னோம். புதியது வருவதற்குப் பத்து நாள் ஆகும். “இத்தனை ஆண்டு தாங்கியது இன்னும் ஒரு மாதம் தாங்காதா? பயணம் முடியட்டும், பிறகு மாற்றலாம், படகை இறக்குங்கள்” என்றார் அவர். எங்களுக்கு வரவேண்டிய நான்கு மாதக் கூலியில் பெரும்பகுதி அவரிடமிருந்தது. ஐந்து வீட்டிலும் பிள்ளைகள் புத்தாடைக்குக் காத்திருந்தனர். எங்களுள் இளையவர் தணிந்த குரலில், “அண்ணாச்சி, ஒருவேள தாங்கிருமோ?” என்றார். அண்ணாச்சி கோபிக்கவில்லை. “தம்பி, தண்ணிக்கு மேல இருக்கறத அவுக பாப்பாக. தண்ணிக்குக் கீழ இருக்கறத நாமதான பாக்கணும்? தெரியாம இருந்தா வேற. தெரிஞ்சிட்டுல்ல” என்றார்.

நாங்கள் படகை இறக்கவில்லை. வேறு ஆட்களைக் கொண்டு இறக்கிக்கொள்வதாக உரிமையாளர் சொல்லிச் சென்றார். அன்று மாலை அந்தப் படகின் தண்டேல் எங்களிடம் வந்தார். இரத்னகிரிப் பக்கத்துக்காரர், முதியவர், விருந்தினரோடு அப்படகில் செல்லவிருந்தவர். அவர் ஒன்றும் பேசாமல் ஸ்பேனரை வாங்கி, அந்தக் குழாயை ஒரு சுற்றுத் திருப்பினார். அது கருப்பட்டித் துண்டுபோல் கையோடு முறிந்து வந்தது. முறிந்த துண்டைத் துணியில் முடிந்துகொண்டு உரிமையாளரிடம் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்பதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. புதிய குழாய் வந்தது, பயணம் தள்ளிப்போயிற்று, எங்கள் கூலி தீபாவளி கழிந்து வந்து சேர்ந்தது. மறு ஆண்டு அப்படகின் வேலைக்கு எங்களை அழைக்கவில்லை.

இதைப் பெருமைக்காக எழுதவில்லை. படகு பழுதுபார்ப்பவரின் தொழில் தருமம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது என்பதற்காகவே எழுதுகிறோம். ஒழுங்காகச் செய்த வேலைக்குச் சான்று இல்லை. ஒன்றும் நிகழாமல் திரும்பி வருவதே சான்று. அதை எவரும் கவனிப்பதில்லை.

சுஹைலி என்னும் படகின் கதை மும்பைவாழ் தமிழர் அறியத்தக்கது. 32 அடி நீளமுள்ள அந்தத் தேக்குப் படகு இந்நகரிலேயே கட்டப்பட்டு 1964-இல் நீரில் இறங்கியது. அதில் ஏறி, 1968 சூன் மாதம் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், எங்கும் கரை தொடாமல் தனியொருவராக உலகைச் சுற்றி 1969 ஏப்ரலில் திரும்பினார். அவ்வாறு சுற்றிய முதல் மனிதர் அவரே. வழியில் ஏராவின் அருகே பலகை இடுக்கில் நீர் கசிந்தது. நடுக்கடலில் மூச்சடக்கி மூழ்கி, இடுக்கில் பஞ்சு திணித்து அதை அடைத்தார். உலகம் போற்றும் அந்த மாலுமி அந்த நேரத்தில் எங்களைப்போல் ஒரு கலப்பற்றுக்காரரே. அவர் பெயர் நூல்களில் உண்டு. பத்து மாதம் அலைகளைத் தாங்கிய பலகைகளை இழைத்துப் பூட்டிய பம்பாய்த் தச்சர்களின் பெயர்களை எத்தனை பேர் அறிவர்?

பெயர் நிலைக்காமற்போனால் போகட்டும். அறிவு நிலைக்க வேண்டும் என்பதே எங்கள் கவலை. அண்ணாச்சியிடம் நீண்ட கணக்கேடு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு படகிற்கும் ஒரு பக்கம். எந்த ஆண்டு எந்தக் குழாய் மாற்றினோம், எந்தக் கம்பியில் மயிரிழைக் கீறல் கண்டோம், எந்தக் கட்டி எத்தனை மாதத்தில் கரைந்தது என்பதையெல்லாம் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். சுக்கான், ஏரா, பாய்மரம், கலப்பற்று என்னும் சொற்களோடு இம்பெல்லரும் எபாக்சியும் அவ்வேட்டில் கலந்து கிடக்கின்றன. எங்களுள் ஒருவரின் மகள் டிப்ளமாவில் இயந்திரவியல் படிக்கிறாள். ஆங்கில வழியில் பயின்றவள். தமிழை எழுத்துக்கூட்டியே படிப்பாள். ஒரு ஞாயிறன்று சோறு கொண்டுவந்தவள் அவ்வேட்டைப் புரட்டி, “கலப்பற்றுன்னா என்ன பெரியப்பா?” என்று கேட்டாள். அண்ணாச்சி வாயால் விளக்கவில்லை. உளியையும் பஞ்சுத் திரியையும் அவள் கையில் கொடுத்து, பழைய பலகை ஒன்றைக் காட்டினார். மாலைக்குள் அவள் ஒரு சாண் இடுக்கை அடைத்திருந்தாள். அண்ணாச்சி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, பாதியைப் பிரித்து மறுபடி செய்யச் சொன்னார். அவள் முகம் சுளிக்காமல் செய்தாள்.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நம் குடும்பங்களில், பிள்ளைகள் கையில் மசி படாத வேலைக்குப் போக வேண்டும் என்ற ஆசை இயல்பே. எங்களுக்கும் அது உண்டு. ஆனால் எந்த வேலைக்குச் சென்றாலும், பிறர் கண்ணுக்குப் படாத ஓர் அடிப்பாகம் அங்கே இருக்கும். பாலத்திற்கு உண்டு, மருந்துக்கு உண்டு, கணக்குப் புத்தகத்திற்கும் உண்டு. அவ்விடத்தைத் தட்டிப் பார்க்கும் பழக்கத்தையும், மட்டமாக ஒலித்தால் ‘ஆகாது’ என்று சொல்லும் துணிவையும் பிள்ளைகளுக்கு விட்டுச்சென்றால் போதும். இனிவரும் மலர்களில் பழந்தமிழர் கடலோடிய பெருமையை எழுதும் அறிஞர்கள், அக்கலங்களைச் செப்பனிட்ட கைகளுக்கும் இரண்டு வரி ஒதுக்குவார்களாக.