சிக்னல் கோடும் திரும்பிவரும் பதிலும்

மாத்தளை, ஒக்டோபர் 14

இலங்கையில் சமூக மெஷ் வலை என்றதும் நினைவுக்கு வருவது அனுராதபுர மாவட்டத்து மகாவிலச்சிய. 2006இல் ஹொரைசன் லங்கா அமைப்பு அந்தக் கிராமத்து வீடுகளைக் கம்பியில்லாமல் கோத்தது. அது வில்பத்துக் காட்டோரத்துச் சமநிலம். அதே ஏற்பாட்டை இங்கே றத்தோட்டை, எல்கடுவ மலைத்தோட்டங்களுக்குக் கொண்டுவந்தால் முதலில் பொய்க்கப்போவது நமது அளவுகோல். இரண்டு லயங்களுக்கு நடுவே ஒரு மேடும் கொக்கோ மரங்களும் நிற்கையில், ரவுட்டர் காட்டும் சிக்னல் கோடுகள் பாதி உண்மையே சொல்லும். எதிர்முனையின் குரல் இங்கே எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பது தெரியும். நம் குரல் அங்கே சேர்ந்ததா என்பது தெரியாது. வைஃபையோ ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 'கிடைத்தது' என்ற பதிலுக்குக் காத்திருக்கிறது. வராவிட்டால் மறுபடி அனுப்புகிறது.

ஆகவே எண்ணிப் பார்ப்பதுதான் வழி. எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2003இல் முன்வைத்த இடிஎக்ஸ் கணக்கு, ஒரு பாக்கெட் சேர எத்தனை முறை அனுப்பவேண்டும் என்று கேட்கிறது. போகவும் வரவும் நூற்றுக்கு 60 சேரும் நேரடி இணைப்புக்கு ஏறத்தாழ 2.8 முறை. நடுவில் ஒரு வீட்டைப் பிடித்து, இரண்டு தாவலிலும் 95 சேர்ந்தால் மொத்தமே 2.2. குறுக்குவழி தோற்கிறது! பெர்லினின் ஃபிரைஃபுங்க் வலையினர் இந்தக் கணக்கை ஓஎல்எஸ்ஆர் என்ற வழித்தேர்வு மென்பொருளில் சேர்த்துக் கூரைகளில் ஓட்டினார்கள்.

ஒக்டோபர் 15

இடிஎக்ஸ் கணக்குக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எண்ணுவதற்காக அனுப்பும் சோதனைப் பாக்கெட் சிறியது, மெதுவான வேகத்தில் போவது. காணொளிப் பாடத்தின் சுமை அப்படியல்ல. கணக்கு இணைப்பை மெச்சிவிடுகிறது என்பது உண்மைதான். அதற்காக மறுபடி கோடுகளை நம்பமுடியாது. மெய்யான கோப்பையே அனுப்பி நேரம் பார்க்கவேண்டும். நடுவீட்டில் ஒரே ரேடியோதான் என்றால் அது கேட்கும்போது பேசாது, வேகம் பாதியாகும். இரண்டு வலைகளை இணைக்கப் பிரிட்ஜ் போடுபவர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: சாதாரண கிளையண்ட் நிலையில் வைஃபை சட்டகத்தில் மூன்று முகவரிகளே பயன்படும், பின்னால் இருக்கும் கணினியையும் சேர்க்க நான்கு முகவரி கொண்ட டபிள்யூடிஎஸ் முறை தேவை. சிக்னல் நிறைய இருந்தும் வலை ஓடாததற்கு இதுவும் காரணமாகலாம்.

ஃபோன் கோபுரம் இருக்கையில் இதெல்லாம் எதற்கு என்பவர்களும் உண்டு. மலைமடிப்புக்குள் இருக்கும் லயத்துக்குக் கோபுரம் தெரியவேண்டுமே. தெரிந்தாலும், ஒரு இணைப்பின் செலவைப் பத்து வீடு பகிர்வது வேறு கணக்கு. ஆனால் பெப்ரவரி வெயிலில் எடுத்த அளவை மழைக்கால நவம்பருக்கு எழுதிவைக்கக்கூடாது. சில கிலோமீட்டர் தூரத்தில் மழைத்துளி வைஃபை அலையைப் பெரிதாகத் தின்பதில்லை. நனைந்த இலைதான் தின்கிறது. மாலை இடிமழை விட்ட பிறகு, மரம் சொட்டும் நேரத்தில் ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும்.