சிவப்புக் கோடு போட்ட பக்கம்

பாளையங்கோட்டை,
ஞாயிறு காலை.

அன்புள்ள கயல்,

நீ கேட்ட நோட்டைப் பார்சலில் அனுப்பிவிட்டேன். பரணில் ஏற வேண்டாம் என்று உன் அம்மா சத்தம் போட்டாள். கேட்காமல் ஏறி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அட்டையைக் கரப்பான் தின்றிருக்கிறது. உள்ளே ஒன்றும் ஆகவில்லை. கருவுறுதல் பாடத்தில் தவளை வரைக்கும் அப்படியே நடத்து. பாலூட்டி வரும் பக்கத்தில் சிவப்பு மையில் குறுக்கே கோடு கிழித்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பக்கத்தில் ஒரு பூட்டும் சாவியும் வரைந்திருப்பேன். முட்டையைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஓர் உறை இருக்கிறதே, சோனா பெலூசிடா, அது சுண்டெலியில் மூன்று புரதங்களால் பின்னியது: இசட்பி1, இசட்பி2, இசட்பி3. மனிதருக்கு இசட்பி4 என்று கூடுதலாக ஒன்று. இதில் இசட்பி3தான் பூட்டு, விந்தணுவின் தலையில் இருப்பது சாவி என்று முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்தேன்.

சும்மா சொல்லவில்லை. 1980-இல் ப்ளைல், வாசர்மன் இருவரும் செய்த சோதனையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆசையாக இருக்கிறது. கருவுறாத முட்டையின் உறையிலிருந்து இசட்பி3-ஐத் தனியே பிரித்து, விந்தணுக்களை முதலில் அதில் ஊறவிட்டார்கள். பிறகு முட்டையோடு விட்டால் அவற்றால் சரியாக ஒட்ட முடியவில்லை. கருவுற்று இரண்டு செல்லாகப் பிரிந்த கருவின் உறையிலிருந்து எடுத்த இசட்பி3-க்கு அந்தச் சக்தி இல்லை. வேறென்ன சாட்சி வேண்டும்? பின்னால், அந்தப் புரதத்தின் 332, 334-ஆம் இடங்களில் உள்ள செரின் என்ற அமினோ அமிலங்களில் தொங்கும் சர்க்கரைக் கொத்தைத்தான் விந்தணு அடையாளம் கண்டுகொள்கிறது என்று இடத்தையும் குறித்துச் சொன்னார்கள். எண் உட்பட எனக்கு மனப்பாடம்.

ஆனால் 2010-இல் அமெரிக்காவில் யூரியன் டீன் குழுவினர் அந்தச் செரின்களையே மாற்றிவிட்டுச் சுண்டெலி வளர்த்துப் பார்த்தார்கள். சர்க்கரை தொங்க இடமே இல்லை. ஆனாலும் விந்தணு ஒட்டியது, எலிகள் குட்டி போட்டன.

அவர்கள் எழுதிய அதே கட்டுரையில் இன்னொரு எலியும் வருகிறது. அதைத்தான் நீ வகுப்பில் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒரு விந்தணு உள்ளே போனதும் முட்டையின் விளிம்பில் இருக்கும் சிறு பைகள் திறந்துகொள்ளும். அவற்றிலிருந்து வரும் நொதி இசட்பி2-ஐ ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெட்டும். அந்த நொதியின் பெயர் ஓவஸ்டேசின் என்று 2012-இல் தெரிந்தது. டீன் குழுவினர் அந்த வெட்டு விழாதபடி இசட்பி2-ஐ மாற்றினார்கள். முட்டை கருவுற்று, இரண்டு செல்லாகவும் ஆன பிறகும் விந்தணுக்கள் வந்து ஒட்டிக்கொண்டே இருந்தன. கல்யாணம் முடிந்த வீட்டில் பெண் கேட்டு நிற்கிற மாதிரி!

ஆக, ஒட்டுமிடம் இசட்பி2-இல் என்று கை காட்டினார்கள். மனித விந்தணு சுண்டெலி முட்டையில் ஒட்டாது. அந்தச் சுண்டெலிக்கு மனித இசட்பி2-ஐக் கொடுத்தால் ஒட்டுகிறது என்றும் 2012-இல் காட்டினார்கள். ஆனாலும் சர்க்கரைக் கட்சியை அடியோடு தள்ளிவிடாதே. மனித முட்டையின் உறையில் சியாலில் லூயிஸ்-எக்ஸ் என்ற சர்க்கரை நிறைய இருக்கிறது, விந்தணு பிடிப்பது அதைத்தான் என்று 2011-இல் வேறொரு குழு எழுதியது.

உறையைத் தொட்ட பிறகுதான் விந்தணுத் தலையில் உள்ள நொதிப் பையான அக்ரோசோம் வெடிக்கும் என்று நான் எழுதியதையும் அடித்துவிடு. அக்ரோசோம் பச்சையாக ஒளிரும் சுண்டெலி விந்தணுக்களை 2011-இல் ஜப்பானில் படம் பிடித்தார்கள். கருவுறச் செய்தவற்றில் பெரும்பாலானவை உறையைத் தொடுவதற்கு முன்பே வெடித்திருந்தன.

அக்ரோசின் சமாசாரம் இதைவிட வேடிக்கை. உறையைத் துளைப்பதே அந்த நொதிதான் என்று சொல்வோம் இல்லையா? 1994-இல் அது இல்லாத சுண்டெலியை உண்டாக்கினார்கள். கொஞ்சம் தாமதம், மற்றபடி குட்டிக்குக் குறைவில்லை. அக்ரோசின் தேவையே இல்லை என்று நாங்கள் ஆசிரியர் அறையில் தீர்ப்பு எழுதிவிட்டோம். 2020-இல் வெள்ளெலியில் அதையே நீக்கியபோது ஆண் எலி மலடாகிவிட்டது. விந்தணு உறை வரைக்கும் போய் ஒட்டுகிறது, உள்ளே போக முடியவில்லை. அதனால் சுண்டெலியை வைத்துப் 'பாலூட்டிகளில்' என்று மட்டும் வாக்கியத்தைத் தொடங்காதே. நான் தொடங்கினேன்.

இன்னொன்றையும் உன்னிடம் மறைக்கக் கூடாது. 2010 கட்டுரையை ஓய்வு பெறுவதற்கு முன்பே படித்துவிட்டேன். படித்தும் கடைசி இரண்டு வருஷம் பழைய படத்தையே போர்டில் போட்டேன். கேள்வித்தாளில் ஐந்து மார்க்குக்கு அந்தப் படம்தான் வரும். மாற்றி எழுதிய பிள்ளைக்கு யார் மார்க் போடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம்தான், வேறொன்றுமில்லை.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதே, கண்ணு. பிள்ளைகளிடம் காட்டு. 'எங்க அப்பா தப்பா வரைஞ்சது' என்று சொல்லியே காட்டு.

அன்புடன்,
அப்பா