மறுபடியும் மக்கா, டீச்சர்?

பள்ளி நாடகத்துக்கு உழைத்த பெரியவர்களுக்கு என்ன கொடுப்பது என்ற பேச்சு, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கடைசியாகத்தான் வரும். அதற்குள் டத்தோவுக்கு ரோஜா மாலையா சம்பங்கி மாலையா, பொன்னாடை என்ன நிறம், நன்கொடை கொடுத்த கம்பெனிக்குக் கண்ணாடிப் பெட்டியில் நினைவுச் சின்னமா என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். இரவு மணி பத்தைத் தாண்டியிருக்கும். யாராவது கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "பள்ளிச் சின்னம் போட்டு மக் அடிச்சிடலாம் சார்" என்பார். எல்லோரும் தலையாட்டிவிட்டு எழுந்துபோவார்கள்.

ஒரு வருஷம் விழா முடிந்ததும், எங்கள் பிள்ளைகளுக்கு ராஜா உடுப்பும் மந்திரி உடுப்பும் தைத்துக் கொடுத்த ஓர் அம்மாவிடம் அந்தப் பெட்டியை நீட்டினேன். செனவாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு, பகலில் தூங்காமல் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். பெட்டியைப் பிரிக்கவில்லை, கையால் எடை பார்த்தார். "மறுபடியும் மக்கா, டீச்சர்? வீட்டுல இருக்கிற மக்குக்கே மைலோ ஊத்த ஆளு பத்தல" என்று சிரித்தார். கோபமில்லாத சிரிப்புதான்.

அவர் வீட்டில் மக் சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 150க்குக் குறைவான மாணவர் படித்தால் அது அரசுக் கணக்கில் குறைந்த மாணவர் பள்ளி. நெகிரி செம்பிலானில் அறுபதை ஒட்டிய தமிழ்ப்பள்ளிகளில் பல அப்படிப்பட்டவை. பெயரில் இன்னும் 'லாடாங்' ஒட்டிக்கொண்டிருக்கும். லயமும் பெரட்டுக் களமும் போய், பால்மரம் இருந்த இடத்தில் செம்பனையோ வீடமைப்புப் பகுதியோ வந்திருக்கும். பெற்றோர் சிரம்பான், நீலாய்ப் பக்கத்துத் தாமான்களிலிருந்து பிள்ளைகளைக் காரில் கொண்டுவந்து விடுகிறார்கள். இப்படிப்பட்ட பள்ளியில் உடுப்பு தைப்பவர், லாரி ஓட்டுபவர், பலகை அடிப்பவர், சமைப்பவர் என்று எல்லா வருஷமும் அதே நாலைந்து முகங்கள்தாம்.

பள்ளி மேடைக்கு உழைப்பாளிகள் தோள்கொடுக்கும் இந்தப் பழக்கம் புதிதல்ல. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் நடத்தியாக வேண்டும் என்றது. துரைமார் ஒரு கொட்டகையைக் காட்டினார்கள். பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். பள்ளிக்குச் சட்டம் இருந்தது, மேடைக்கு எந்தச் சட்டமும் இல்லை. 1952இல் சிங்கப்பூர்ப் பத்திரிகையாசிரியர் கோ. சாரங்கபாணி தொடங்கிவைத்த தமிழர் திருநாள் மலாயாத் தோட்டங்களுக்குப் பரவியபோது, பிள்ளைகளை மேடையேற்றும் ஆசையும் கூடவே பரவியது. அந்த மேடைக்குப் பலகை சுமந்தவர்கள் விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, காண்டாவில் வாளி தூக்கிய ஆட்கள்தாம்.

அவர்களுக்கு நன்றி சொல்லத் தோட்டத்துக்குத் தெரிந்திருந்தது. கோயில் திருவிழாவில் வள்ளி திருமணம் போட்டால், நாடக வாத்தியாருக்குக் கடைசியில் ஒரு தாம்பாளம் வரும். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய், வேட்டி துண்டு. வெற்றிலைக்கு அடியில் மடித்த நோட்டு. எவ்வளவு என்று வாங்குபவர் பார்க்கமாட்டார், கொடுப்பவரும் சொல்லமாட்டார். அதே நோட்டை உறையில் போட்டு நீட்டியிருந்தால் கூலி கொடுத்ததாக ஆகியிருக்கும். வெற்றிலை அதை மரியாதையாக்கிவிட்டது. இன்று நம் சங்கங்கள் பணம் கொடுத்தால் மனம் நோகுமோ என்று அஞ்சி மக்கில் போய் விழுகின்றன. பாகாவிலிருந்து சொந்தச் செலவில் பெட்ரோல் போட்டு ஒத்திகைக்கு வந்துபோனவருக்கு, தாம்பாளத்தில் வைத்த ஐம்பது வெள்ளி ஒருநாளும் அவமானமாகாது என்பது என் கட்சி. சங்கப் பணத்துக்குக் கணக்கு வேண்டும், தணிக்கை உண்டு, கூட்டக் குறிப்பில் எழுதவேண்டும். எழுதட்டுமே. மக்குக்கும் ரசீது வைக்கிறோம்தானே?

தாம்பாளத்தைவிட எனக்கு மறக்காதது மைக். யாராவது நடிகருக்கு ஐந்து வெள்ளி கொடுத்தால், ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர், எந்த லயம், எவ்வளவு என்று அறிவிப்பார்கள். ஆர்மோனியம் ஒரு சுற்று வாசிக்கும். சில்லறை ஐந்து வெள்ளிதான், தோட்டம் முழுக்கப் பெயர் கேட்கும். இப்போது நம் விழாக்களில் மைக் முழுவதையும் டத்தோக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். 'ஒத்துழைப்பு நல்கிய அனைவருக்கும் நன்றி' என்று ஒரே மூச்சில் முடிந்துவிடுகிறது. அந்த 'அனைவரும்' மண்டபத்தின் பின்பக்கம் மீகூன் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

பெயர் என்றதும் ஒரு சிக்கல். தோட்டத்துக்காரர்களில் பலருக்குக் கூப்பிடும் பெயர் ஒன்று, அடையாள அட்டைப் பெயர் இன்னொன்று. அந்தக் காலத்தில் பதிவு செய்த குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது. உழைத்தவருக்கு நற்சான்றிதழ் கொடுப்பதென்றால், அடிக்குமுன் எந்தப் பெயரைப் போடலாம் என்று அவரிடமே கேட்டுவிடுவது நல்லது. பெரியவர்களுக்கு எதற்குச் சான்றிதழ், பிள்ளைகளுக்காவது புறப்பாட நடவடிக்கைக் கணக்கில் சேரும் என்று பேசிய கட்சியில் நானும் இருந்தேன். ஆனால் ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டி அதைச் சட்டம் போட்டு, மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்ததைப் பார்த்தபின் அப்படிப் பேசுவதில்லை. பள்ளியிலிருந்து அவர் பெயருக்கு வந்த ஒரே தாள் அதுதான் என்றார் அவர் மகள்.

சுலபமான யோசனைகளும் இருக்கின்றன. தைத்தவருக்கு, தாம் தைத்த உடுப்போடு பிள்ளைகள் மேடையில் நிற்கும் படம் ஒன்று, பெரிதாக. கத்தரிக்கோல் வேண்டாம், கூர்மையான பொருளைக் கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்று நினைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. சமைத்தவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர்கள் சமைத்துப் பரிமாறலாம். எங்கள் பள்ளியில் அப்படிப் பரிமாறிய நாளில் மலாய் ஆசிரியை கோழி மசாக் லெமாக் சிலி பாடி வைத்தார். சிலர் காரம் தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், சட்டி காலியாகிவிட்டது.

நாடகத்தில் நடித்த பிள்ளை கையால் எழுதும் கடிதத்துக்குச் செலவே இல்லை. இளம் தகப்பன்மார் சிலர் தேசியப் பள்ளியில் படித்தவர்கள், தமிழ் வாசிக்க வராது. பலகை அடித்துக் கொடுத்த அப்படி ஒருவருக்கு வந்த கடிதத்தை அவர் மகளே வாசித்துக் காட்டினாள். இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். அடுத்த வருஷம் ஒத்திகை தொடங்குமுன்பே ஆணிப் பெட்டியோடு வந்து நின்றார்.

ஆகவே சங்கத்துச் செயலாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த விழாக் கூட்டத்தில் மாலைக் கணக்கை எடுக்குமுன், போன வருஷம் மேடைக்கு உழைத்தவர்களின் பெயர்களை, அவர்கள் விரும்பும் பெயர்களை, குறிப்புப் புத்தகத்தில் முதலில் எழுதுங்கள். அந்தத் தாளை அறிவிப்பாளர் கையில் கொடுங்கள். டத்தோ கிளம்புமுன் வாசிக்கச் சொல்லுங்கள்.