ஜன்னலைத் திறந்து வையுங்கள்



பிள்ளை பெற்ற வீட்டு அறை எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஜன்னல் அடைத்திருக்கும். கதவில் கனத்த திரைச்சீலை தொங்கும். கட்டிலருகே சிரட்டைக்கரித் தணல் நிறைந்த சட்டி இருக்கும். காற்றுப் பட்டால் ஜன்னி வந்துவிடும் என்று எங்கள் உம்மாமார் அஞ்சுவார்கள். பிள்ளைமீதுள்ள அன்பினால் வந்த அச்சம் அது. அவர்களைக் குறைசொல்ல நான் எழுதவில்லை. எனது வீட்டில் நடந்ததை மறைக்காமல் சொல்லவே எழுதுகின்றேன்.

எனது மூத்த மகள் பிறந்து ஒன்பதாம் நாள். அடைமழைக் காலம். உம்மா சொன்னபடி ஜன்னலை நானே அடைத்தேன். தணல் சட்டியையும் நானே வைத்துவிட்டுப் பாடம் நடத்தப் போனேன். பகல் திரும்பி வந்தபோது மனைவி தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். "தலை இடிக்குது, ஓங்காளிக்குது" என்றார். "பெத்த உடம்பு அப்படித்தான் மகன் இரிக்கும். புகையும் இல்லையே" என்றார் உம்மா. பிள்ளை பாலுக்கும் அழாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

அந்நேரம் தாயையும் பிள்ளையையும் பார்க்க மருத்துவமாது வந்தார். அறை வாசலில் நின்றபடியே, "முதல்ல ரெண்டு பேரையும் வெளியே கொண்டு வாங்க" என்றார். உடனே ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினார். அல்ஹம்துலில்லாஹ், இருவரும் தேறினார்கள்.

நடந்தது என்ன? நாம் இழுக்கும் காற்றில் ஒட்சிசன் ஏறத்தாழ 21 வீதம். அது நுரையீரலிலுள்ள கோடிக்கணக்கான சிற்றறைகளுக்குள் போகின்றது. அவற்றின் சுவர் மிக மெல்லியது. அதைச் சுற்றி மயிரிலும் நுண்ணிய இரத்தக் குழாய்கள். ஒட்சிசன் அச்சுவரைக் கடந்து இரத்தத்தில் சேர, உடலின் கழிவான காபனீரொட்சைட்டு இரத்தத்திலிருந்து வெளியே வருகின்றது. இரத்தத்தின் செங்குழியங்களில் ஈமோகுளோபின் என்றொரு பொருள் உண்டு. ஒட்சிசனைச் சுமக்கும் வண்டி அதுதான். இதயம் அதனை மூளைக்கும் கை கால்களுக்கும் அனுப்புகின்றது. ஓய்வாக இருக்கும்போது சுமார் ஒரு நிமிடத்தில் இரத்தம் உடலை ஒருமுறை சுற்றி வந்துவிடும்.

அடைத்த அறையில் எரியும் கரி, காபனோரொட்சைட்டு என்ற வாயுவை வெளிவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேலான பலத்துடன் அது ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். வண்டி ஓடும், ஆனால் ஒட்சிசனுக்கு அதில் இடமிராது. புகையடங்கிச் சிவந்த தணலில் ஆபத்தில்லை என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். அந்த வாயு வருவதோ அத்தணலிலிருந்துதான். பச்சைப் பிள்ளை பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவதால், அதற்கு ஆபத்து இன்னும் அதிகம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதயத்தின் வலப்பக்க இரத்தம் நடுச்சுவரிலுள்ள துவாரங்களால் இடப்பக்கம் போகின்றது என்று பழைய வைத்தியர்கள் நம்பியிருந்தனர். அச்சுவரில் துவாரம் கிடையாது, இரத்தம் நுரையீரலுக்குப் போய்க் காற்றுடன் கலந்தே திரும்புகின்றது என்று 1242இல் அரபியில் எழுதியவர் இப்னுன் நபீஸ். 1288இல் கெய்ரோவில் மறைந்த இவர் வைத்தியர் மட்டுமல்லர், ஷாபிஈ மத்ஹபின் சட்ட அறிஞருமாவார். அவரது கையெழுத்துப் பிரதியை 1924இல் பேர்லினில் எகிப்திய வைத்தியர் ஒருவர் கண்டெடுத்த பின்னரே உலகம் இதனை அறிந்தது.

இவரைப் பற்றி மாணவர்களிடம் எத்தனையோ தடவை பெருமையாகப் பேசியவன் நான். காற்றும் இரத்தமும் சேரும் இடத்தை அவர் எழுதிவைத்தார். அந்தக் காற்றை என் மனைவிக்கும் பிள்ளைக்கும் அடைத்தவனும் நானே.

சகோதரிகளே, தாய்க்குக் குளிர்ந்தால் போர்வையால் போர்த்துங்கள், காலுறை போடுங்கள், சுடுநீர் கொடுங்கள். தணல் சட்டியை அறைக்குள் வைக்காதீர்கள். சாம்பிராணி போடுவதானால் முற்றத்தில் போடுங்கள். ஜெனரேட்டரையும் வீட்டுக்குள்ளோ ஜன்னலோரத்திலோ ஓடவிடாதீர்கள். ஒரே அறையிலுள்ள பலருக்குத் தலையிடியும் மயக்கமும் வந்தால், 'பெத்த உடம்பு' என்று இருந்துவிடாமல் எல்லோரையும் வெளியே எடுத்து வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

எங்கள் வீட்டில் அதன்பின் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டு முறையும் ஜன்னலைத் திறந்து வைத்தவர் உம்மாதான்.