சாலையோரக் கற்கள்

டப்ளினில் வேலை பார்க்கும் என் மருமான், காரின் பின்னால் ஒரு கேரவனை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். வீட்டையும் இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவது என் வயசுக்குப் பொருத்தமா என்று எனக்குக் கொஞ்சம் கூச்சம். "டிரிம் கோட்டைக்குப் போகிறோம், மாமா" என்றதும் ஏறிவிட்டேன்.

வடமேற்கே சுமார் 50 கிலோமீட்டர் பிரயாணம். வழியில் ஓரிடத்தில், சாலையை ஒட்டிய புல்தரையில் பெரிய பெரிய பாறைகள் வரிசையாகக் கிடந்தன. இது 5,000 வருஷத்துக் கல்லறை நியூகிரேஞ்சை வைத்திருக்கும் மாவட்டமல்லவா? ஏதோ பழைய காலத்து நடுகற்கள் என்று நினைத்து, ஓடும் காரிலிருந்தே மரியாதையாக ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

டிரிம் சின்ன ஊர். நடுவே பாய்ன் நதி அவசரமில்லாமல் போகிறது. தென்கரையில் ஹ்யூ டி லேசி என்ற நார்மன் பிரபு 1170-களில் தொடங்கிய கோட்டை. அதன் நடுக் கட்டடத்துக்கு 20 பக்கங்களாம். நான் எண்ணும்போதெல்லாம் வேறு வேறு கணக்கு வந்தது. எதிர்க்கரையில் இடிந்த தேவாலயக் கோபுரம் ஒன்று, சாயங்கால வெயிலில் பெயருக்கேற்ற மஞ்சளாக நின்றது.

ஊருக்கு வெளியே முகாம் திடல். கட்டணம் கட்டினால் மின்சாரம், தண்ணீர், குளிக்க வெந்நீர் எல்லாம் உண்டு. ராத்திரி மழை. கேரவன் கூரையில் மழை விழும் சத்தம் அலாதியானது. தூங்கவும் விடாது, எழுந்திருக்கவும் மனசு வராது.

காலையில் பக்கத்துக் கேரவன் கிழவி தேநீர் கொடுத்தாள். படத்தைக் காட்டி, "எந்தக் காலத்துக் கற்கள்?" என்று கேட்டேன். உற்றுப் பார்த்தவள் சிரிக்கவில்லை.

"புராதனமெல்லாம் இல்லை. டிராவலர்கள் வண்டியை நிறுத்தக்கூடாதென்று போட்டது."

டிராவலர்களும் ஐரிஷ்காரர்கள்தாம். தலைமுறை தலைமுறையாக வண்டியே வீடு. தகரப் பாத்திரம் செய்து, ஒட்டை அடைத்து, குதிரை விற்றுப் பிழைத்தார்கள். பிளாஸ்டிக் வாளி வந்து தகர வேலையைத் தின்றுவிட்டது. 2002-இல் வந்த சட்டப்படி, பிறர் நிலத்தில் அனுமதியில்லாமல் கேரவனை நிறுத்திக் குடியிருந்தால் அபராதமும் சிறையும் உண்டு. வண்டியையும் எடுத்துப் போகலாம். 2017 மார்ச்சில் அரசாங்கம் அவர்களைத் தனி இனக்குழுவாக அங்கீகரித்தது.

"அவர்களும் இங்கே கட்டணம் கட்டித் தங்கலாமே?" என்றேன்.

கிழவி திடலை ஒரு பார்வை பார்த்தாள். "அவர்கள் வந்தால் இடமில்லை என்று சொல்லிவிடுகிற திடல்கள் உண்டு" என்றாள். எங்கள் வரிசையிலேயே நாலு இடம் காலியாகத்தான் கிடந்தது. நான் தேநீர்க் கோப்பையைக் கழுவ எழுந்துவிட்டேன்.

திரும்பும்போது மருமானுக்கு அசதி. "எங்கேயாவது ஓரமாக நிறுத்திக் காபி போட்டுக் குடிக்கலாமா, மாமா?" என்றான். நல்ல அகலமான புல்தரை ஒன்று வந்தது. வேகத்தைக் குறைத்தான். அதே கற்கள். ஒன்றும் பேசாமல் மறுபடி வேகத்தைக் கூட்டினான். டப்ளின் வரையில் எங்களுக்குக் காபி கிடைக்கவில்லை.