தன்னூர்க் களமும் மக்கள் ஆரவாரமும்

"தன்னூருக்கு யானை, அயலூருக்குப் பூனை" என்பது நம் நாட்டார் நாவில் வழங்கும் பழமொழி. திருவள்ளுவரும் இடனறிதல் என்னும் அதிகாரத்தில், ஆழ்ந்த நீருள் பிறவற்றையெல்லாம் வெல்லும் முதலை, அந்நீரை விட்டு நீங்கின் பிறவற்றால் வெல்லப்படும் என்னும் கருத்தை வைத்தார். இவ்வுண்மை போர்க்களத்திற்கேயன்றி ஆடுகளத்திற்கும் பொருந்தும். ஆயின், ஆடுகளத்தில் அம்முதலைக்கு நீராய் அமைவது யாது? மண்ணா, மக்களா? இதனைச் சிறிது ஆராய்வோம்.

மண்ணின் உதவி இல்லையென்று கூறல் இயலாது. யாம் வண்டியூரில் வளர்ந்தோம். மாரியம்மன் தெப்பக்குளம் நீர் வற்றிக் கிடந்த ஆண்டுகளில் அதன் தரையே எம் பகுதி இளைஞர்க்குக் கிரிக்கெட் களமாய் இருந்தது. எவ்விடத்தில் பந்து எழும்பும், எவ்விடத்தில் தாழ்ந்து ஓடும், மாலை வெயில் எப்போது மட்டை பிடிப்போன் கண்ணைக் கூசச் செய்யும் என்பனவெல்லாம் எமக்கு மனப்பாடம். புதிதாய் வந்தோர் இவற்றைக் கற்குமுன் ஆட்டமே முடிந்துவிடும்.

ஆயினும், அயலூர் சென்று ஆடிய ஒரு நாளிலேதான் மக்களின் வலிமையை யாம் உணர்ந்தோம். அவ்வூரின் பெயர் ஈண்டு வேண்டா. எம் ஆட்டக்காரன் கோட்டைக் கடந்த பின்னரே பந்து குச்சியில் பட்டது. சுற்றி நின்றோர் அனைவரும் ஒரே குரலாய் "அவுட்" என்று ஆர்த்தனர். நடுவரின் விரலும் உயர்ந்தது. அவர் வஞ்சகர் அல்லர். ஆட்டம் முடிந்தபின் எமக்கு மோர் வார்த்து உபசரித்தவரும் அவரே. கண் ஐயுற்ற அந்நொடியில் ஊரார் குரலே அவர்க்குக் கண்ணாயிற்று. எம்முள் இளையவனாகிய அவ்வாட்டக்காரனோ, திரும்பும் வழியெல்லாம் ஒரு சொல்லும் பேசாது வந்தான்.

இஃது எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2020-ஆம் ஆண்டில் கொரோனாக் கொள்ளைநோயால் ஐரோப்பியக் காற்பந்து அரங்குகள் வெறுமையாய்க் கிடந்தபோது, அயலூர் அணியினர்க்கு நடுவர் காட்டும் மஞ்சள் அட்டைகள் குறைந்தன என்பதை ஆராய்ச்சியாளர் கண்டனர். முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடும் அமெரிக்கக் காற்பந்தில் ஆரவாரம் நடுவரின் கண்ணை மட்டுமன்றி ஆடுவோரின் செவியையும் தாக்கும். அங்கே தாக்கும் அணியின் தலைவன் குரலாலேயே ஆணையிடுவான். ஆதலின், தம்மவர் தாக்கும்போது வாய்மூடியிருக்கும் ஊரார், எதிரிகள் தாக்கும்போது அக்குரல் கேளாதவாறு முழங்குவர். சியாட்டில் நகரத்து அணி 1984-இல் பன்னிரண்டாம் எண்ணை எவ்வீரனுக்கும் இனி வழங்குவதில்லை என்று தன் மக்களுக்கே உரிமையாக்கியது. களத்தில் நிற்போர் பதினொருவர், பன்னிரண்டாமவர் மக்கள் என்பது கருத்து. 2020-ஆம் ஆண்டுப் பருவத்தில் அவ்வரங்குகளும் பெரும்பாலும் வெறுமையுற்றன. அப்பருவத்து முதற்சுற்றின் 256 ஆட்டங்களில் தன்னூர் அணிகள் வென்றவை 127, தோற்றவை 128, ஒன்று சமநிலை. களத்து மண் இருந்த இடத்திலேயே இருந்தது, மக்கள் இல்லை.

இனி, மண்ணை இழந்தும் மக்களை இழவாத அணி ஒன்றைக் காண்போம். 2018-இல் காவிரி நீர் குறித்த கிளர்ச்சியின் காரணமாக, சென்னை சூப்பர் கிங்ஸ் அணி சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டம் மட்டுமே ஆடிப் புனேக்குப் பெயர நேர்ந்தது. ஏறத்தாழ ஆயிரம் இரசிகர்கள் தனி இரயிலில் ஏறி அவ்வணியின் பின்னே சென்றனர். புனேயில் ஆடிய ஆறு ஆட்டங்களுள் ஐந்தில் சென்னை வென்றது; முடிவில் கோப்பையையும் கொண்டது. அதே ஆண்டில் தமிழ்நாடு பிரீமியர் லீக் கோப்பையை வென்ற மதுரை பாந்தர்ஸ் அணிக்கோ மதுரையில் ஆட ஒரு களமே இருந்ததில்லை.

எனினும், மக்கள் ஆரவாரத்தின் உச்சம் தன்னவர் வெற்றியில் இல்லை என்பதே எம் கருத்து. 1999 ஜனவரி 31-ஆம் நாள் சேப்பாக்கத்தில் இந்தியா 271 ஓட்டங்களை நாடி ஆடியது. முதுகுவலியோடு டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் குவித்தும், பாகிஸ்தான் 12 ஓட்டங்களால் வென்றது. தோல்வியால் நெஞ்சம் கனத்திருந்த சென்னை மக்கள் எழுந்து நின்று, வென்ற விருந்தினர்க்குக் கைதட்டினர். வாசிம் அக்ரமும் அவர்தம் தோழரும் அக்கைதட்டலுக்கிடையே களத்தை வலம் வந்தனர்.

மதுரையிலும் இப்போது அயல்நாட்டார் வந்து ஆடும் காலம் பிறந்துள்ளது. 2025-இல் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கி ஆட்டங்கள் சென்னையோடு இந்நகரிலும் நடைபெற்றன. சித்திரைத் திருவிழாவில் அழகர்மலையிலிருந்து வரும் கள்ளழகரை எதிர்கொண்டு இரவு தங்கச் செய்யும் ஊர் எம் வண்டியூர். வருவாரைப் போற்றுதல் எமக்குப் புதிதன்று. ஆதலின் மாணவ நண்பர்காள்! நம் கல்லூரிக் களத்தில் நம்மவர்க்காகத் தொண்டை வற்ற முழங்குவோம். அது நம் உரிமை. ஆயின், நடுவர் ஐயுறும் நொடியில் வாய்மூடி நிற்போம். வந்தவர் நன்கு ஆடின் அவர்க்கும் கைதட்டுவோம். அயலூரிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் நம் ஆரவாரத்தால் அநீதியுற்று ஊமையாய்த் திரும்புவானாயின், அன்று நாம் பெறும் கோப்பையால் நமக்குப் பெருமை உண்டாமோ?