டீப்பாய்

நம் வீட்டுக் கூடங்களில் நாற்காலிகளுக்கு நடுவே கிடக்கும் குட்டை மேசையை டீப்பாய் என்கிறோம். தேநீர் வைப்பதால் வந்த பெயரென்று பலரும் எண்ணுவர். தேநீருக்கும் அச்சொல்லுக்கும் பிறப்பில் உறவு கிடையாது. மூன்றைக் குறிக்கும் இந்திச் சொல்லும் காலைக் குறிக்கும் பார்சிச் சொல்லும் இணைந்து, ஆங்கிலேயர் நாவில் உருமாறி நம்மிடம் வந்து சேர்ந்தது அது. நம் முக்காலியே அதன் நேர்ப்பொருள். நான் எழுதப்புகும் டீப்பாய்க்கோ கால்கள் நான்கு. மேற்பலகை மரம், கால்கள் குரோமியப் பூச்சிட்ட எஃகு.

அது இருப்பது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், என் மகள் வீட்டில். அவளும் மருமகனும் பழம்பொருள் கடையொன்றில் தேடிப்பிடித்து வாங்கியது. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் தம்பதியர் அதே நகரில் வாழ்ந்து 1946-இல் உருவாக்கிய வடிவம். 34 அங்குல விட்டமுள்ள வட்டப் பலகை, உயரம் 15.5 அங்குலம். பலகை முற்றிலும் தட்டையன்று. நம் சஹனைப் போல நடுவே மெல்லத் தாழ்ந்து, ஓரம் சற்றே எழும்பியிருக்கிறது.

எங்கள் குடும்பத் தொழில் மரவாடி. தேக்கையும் வேங்கையையும் வைரம் பார்த்து விலை பேசியவர்களிடத்தில் பிளைவுட்டுக்கு எவ்வளவு மரியாதை இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, முதல் வேலையாக அப்பலகையின் அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்தேன். மெல்லிய மரத்தாள்களை நாரோட்டம் மாற்றி மாற்றி அடுக்கிப் பசையிட்டு, சூட்டாலும் அழுத்தத்தாலும் அச்சில் வளைத்திருக்கிறார்கள். கடைந்தெடுத்த குழிவன்று, வளைத்தெடுத்த குழிவு. கை அதை உடனே அறிந்துகொள்கிறது.

அவ்வித்தையை அவர்கள் பழகிய விதம் வேடிக்கையானது. தம் வாடகைக் குடியிருப்பிலேயே ஓர் அச்சு இயந்திரத்தை அமைத்து, சைக்கிள் பம்பினால் காற்றடித்து அழுத்தம் கொடுத்தனர். அது இரண்டாம் உலகப் போர்க் காலம். காலொடிந்த வீரர்களுக்கு வைத்துக் கட்டிய உலோகச் சிம்புகள், தூக்கிச் செல்லும்போது அதிர்ந்து காயத்தை மோசமாக்கின. சார்லஸ் தம் காலையே அளவாகக் கொண்டு ஒட்டுப்பலகையில் சிம்பு செய்தார். அமெரிக்கக் கடற்படைக்காக அவ்வகையில் ஏறத்தாழ 1,50,000 செய்யப்பட்டன. போர் ஓய்ந்ததும் அக்கைத்திறன் நாற்காலியாயிற்று, மேசையாயிற்று. சாதாரணக் குடும்பங்களும் வாங்கத்தக்க நல்ல பொருள் என்பதே அவர்களின் நோக்கம். ரே ஓவியம் பயின்றவர். இவ்வடிவங்களில் சரிபாதி அவருடையது. ஆயினும் 1946-இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகத்தில் இவர்களின் தட்டுமுட்டுச் சாமான்களைக் காட்சிக்கு வைத்தபோது, தலைப்பில் கணவர் பெயர் மட்டுமே இருந்தது. நம் வீட்டு விருந்துகளின் புகழ் யாருக்குப் போகிறதென்று வாசகியர் அறிவர்.

சாதாரணக் குடும்பத்துக்கென்று பிறந்த அம்மேசையின்மீது என் மகள் வீட்டில் ஒருவரும் எதையும் வைப்பதில்லை! மேலே கண்ணாடி, கண்ணாடியின்மீது துணி. எனக்குத் தேநீர் கையில் வந்தது. குடித்து முடிக்கும்வரை கையிலேயே இருந்தது. பேரன் அதைச் சுற்றிப்போய் விளையாடுவான்.

"ஒரு கறை விழுந்தாலும் விலை இறங்கிவிடும், மாமா" என்றார் மருமகன். எந்தக் காலத்திலோ யாரோ வைத்த சூடான குவளைகளின் வட்டத் தடங்கள் இரண்டு ஏற்கெனவே பலகையில் இருந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுப்பிக்கக் கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டார். மரவாடிக்காரனிடம் கேட்கத் தக்க கேள்விதான். தேக்குப் பலகையைத் தேய்க்கலாம். உள்ளேயும் தேக்கே இருக்கும். இங்கே மேல்முகம் தாள் கனத்து மரம். தேய்த்தால் கறையோடு முகமும் போகும். வேண்டாம் என்றேன்.

ஈம்ஸ் தம்பதியரைப் பற்றி இன்னொரு செய்தியையும் சொன்னேன். இந்திய அரசின் அழைப்பில் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்த அவர்கள், 1958-இல் ஓர் அறிக்கை அளித்தார்கள். அதன் தொடர்ச்சியாகவே 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. அவ்வறிக்கையில் அவர்கள் வியந்து போற்றிய பொருள் மாளிகையன்று, சிலையன்று, லோட்டா! நாம் அன்றாடம் கைகால் கழுவத் தண்ணீர் மொள்ளும் செம்பு. எவ்வளவு நீர் கொள்ளும், எக்கைக்கு அடங்கும், இடுப்பில் எப்படி அமரும், சாய்த்தால் எப்படி ஊற்றும், கழுவ எளிதா, விலை என்ன என்று அடுக்கடுக்காகக் கேட்டுச் சென்றிருக்கிறார்கள். செம்பைக் கண்ணாடிக்குள் வைத்தால் இக்கேள்விகளில் ஒன்றுக்காவது விடை கிடைக்குமா என்று மருமகனைக் கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. மகள்தான் எழுந்தாள். "அத்தா சொல்றது சரிதாங்க, ஒரு பக்கம் பிடிங்க" என்றாள். கண்ணாடி சுவரோரம் போயிற்று. மருமகனுக்கு அரைமனம்தான். குவளைகளுக்கடியில் வைக்கப் பின்னல் வட்டங்கள் வாங்கி வந்தார், அது நியாயமே. கால்களில் பூச்சு உரிந்த இடங்களில் அரும்பியிருந்த துருவை எண்ணெய்த் துணியால் நானே துடைத்தேன்.

மறுநாள் மாலை பேரன் தரையில் சம்மணமிட்டு, அம்மேசைமீது பாடம் எழுதினான். 15.5 அங்குலம் அவன் மார்புக்கு அளவெடுத்தது போலிருந்தது. வண்ணப் பென்சில்கள் உருண்டு ஓரத்துக்கு வந்தன. எழும்பிய விளிம்பு அவற்றைக் கீழே விழாமல் நிறுத்தியது.